ஒரு துண்டு குறைவு

ஜீவராணி வீட்டுக்கு எந்தச் சாமானும் முழுசாக வந்து சேர்ந்ததில்லை. அலுமாரி வந்தபோது கதவு இல்லை. கதவு அடுத்த தீபாவளிக்குத்தான் வந்தது. டீவி வந்து ஒரு வருசம் அண்டெனா இல்லாமல் பூச்சாடி வைக்கிற மேசையாக இருந்தது. ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய குசினிக்குத் தகரம் ஐந்து தடவையாக வந்ததால் கூரை ஐந்து நிறத்தில் கிடந்தது. "துண்டு துண்டா வந்தாலும் வந்து சேருதுல்ல" என்பாள் ஜீவராணி. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசனில் எந்த லயத்து வரிசை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் இதே கதைதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜீவராணி மட்டும் ஒருபடி மேலே போய் இதைப் பெருமையாக வைத்திருந்தாள். கடையில் முழுசாக வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு ஏமாளிகள் மாதிரித் தெரியும்.

அந்தப் பெருமைதான் அவள் தம்பி அழகனைப் பதினாறு மாதம் உள்ளே வைத்தது. பொலிஸ்காரன் செய்த வேலைக்கு அக்காக்காரி மேல் பழி போடுவது என்ன நியாயம் என்று கேட்கலாம். பழியை யாரும் அவள்மேல் போடவில்லை. அவளேதான் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அக்கரப்பத்தனை பஸாரில், தையல்கடை மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போடுகிற அளவுக்கு இடம் பிடித்து அவள் எழுத்துக்கடை வைத்திருந்தாள். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை விண்ணப்பம், தோட்டத்துத் தொரைக்குக் கடிதம், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மகளைக் காணவில்லை என்ற மனு, எல்லாம் அவளிடம்தான் வரும். கையில் ஒரு பழைய தமிழ் டைப்ரைட்டர். ஆனால் அரசாங்கக் கந்தோர்களில் சிங்களத்தில் எழுதிக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். சிங்களம் அவளுக்கு நன்றாக எழுத வரும், டைப்ரைட்டருக்குத்தான் வராது. அப்படித் திரும்பினவர்கள் பஸ் ஏறித் தலவாக்கலைக்குப் போய் அங்கே இருந்த கம்பியூட்டர் கடையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கம்பியூட்டர் இருந்தால் மூன்று பாஷையிலும் தானே அடிக்கலாம் என்று அவளுக்கு ஆசை பிடித்தது. சாதாரண ஆசையில்லை. சோறு தின்னும்போதும் கை விரல் மேசையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு வழி இருந்தது. நுவரெலியாக் கடையில் பெரிய கம்பெனிப் பேர் போட்ட கம்பியூட்டர். வெள்ளைப் பெட்டியில் முழுசாக வரும். அவர்கள் வேனிலேயே கொண்டுவந்து இறக்கி, ஓடவைத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு வருசத்துக்கு உத்தரவாதம். ஆனால் பின்னால் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போச்சு. உள்ளே பின்னாளில் பெரிசாக எதையும் கூட்டவும் முடியாது. அடுத்த வழி, கொழும்பில் சாமான்களைத் தனித்தனியாக வாங்கிவந்து நாமே சேர்த்துப் பூட்டுவது. இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று வாங்கலாம். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசைப் போடலாம். எந்த வழி ஜீவராணிக்குப் பிடித்திருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

அழகனுக்குத்தான் பிடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பூட்டத் தெரிந்தவனே அவன்தான். ஹட்டனில் ஆறு மாதம் அந்தப் படிப்பைப் படித்துவிட்டு, தலவாக்கலையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நின்றான். இருபத்திமூன்று வயசு. பேச்சு குறைவு, கேட்டதற்குப் பதில் சொல்லுவான்.

"பேசாம பெட்டியாவே வாங்கிருவோமுக்கா" என்றான். "கடைக்கு ஆளுங்க வந்து நிக்கையில மக்கர் பண்ணக் கூடாது. கம்பெனிச் சாமான்னா அவுங்களே வந்து பாப்பாங்க."

"ரெண்டு வருசம் கழிச்சு? அப்ப மெமரி பத்தாம போனா என்னா செய்வ?"

"அப்ப பாத்துக்கலாம்."

"ஸ்டிக்கர் கிழிச்சா போச்சுன்னு நீதானடா சொன்ன. அந்தப் பெட்டியில புதுசா ஒண்ணும் கூட்ட முடியாதுன்னு ஒன் கொப்பியிலயே எழுதியிருக்கே."

அவன் ஹட்டனுக்குப் போய்ப் படித்த நாளெல்லாம் அவனுடைய பாடக் கொப்பிகளை அவளும் புரட்டிப் படித்திருந்தாள். அவன் பாடத்தை வைத்தே அவனை மடக்கினாள். அவன் கரண்டு கூடக்குறையும் என்றான், அதற்கும் பதில் வைத்திருந்தாள். பூட்டினதில் பழுது வந்தால் எந்தத் துண்டில் பழுது என்று தேடவேண்டும் என்றான், தேடத்தானே படித்தாய் என்றாள். மூன்று நாள் இப்படிப் போனது. கடைசியில் அவன் சரிக்கா என்று சொல்லிவிட்டு வெளியே போய் பீலித் தண்ணியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த வெளியாள் ஒருவர் உண்டு, இராசரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். சண்டையில் வடக்குப் பாதையை மூடியதிலிருந்து ஊருக்குப் போக வழியில்லாமல் பஸாரிலேயே ஒரு மாடி அறையில் இருந்தார். இடமாற்றம் கேட்டு மாதம் ஒரு கடிதம் ஜீவராணியிடம் அடித்து வாங்குவார். அவரும் பெட்டியைத்தான் சொன்னார்.

"பேர் போட்ட சாமானை வாங்குங்கோ பிள்ளை. பெட்டியைக் கண்டாலே எல்லாருக்கும் விளங்கும், இது இன்னது எண்டு. துண்டு துண்டாக் கொண்டு வந்தா, வழி நெடுக ஒவ்வொருத்தனுக்கும் நின்று விளங்கப்படுத்த வேணும்."

"அதெல்லாம் உங்க ஆளுங்களுக்குத்தானுங்க மாஸ்டர். நாங்க தோட்டத்து ஆளுங்க. எங்கள யாரு கேக்கப் போறாங்க?"

அவர் மனசில் என்ன நினைத்தாரோ, தன் அறையில் செத்துப்போன பழைய கம்பியூட்டர் ஒன்று இருப்பதாகவும், அதிலிருக்கிற மெமரியைக் கழற்றித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஜீவராணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பார், பெட்டியாக வாங்கியிருந்தால் இதைப் போட முடியுமா என்று அம்மா காளியாயியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். காளியாயி கொழுந்து எடுத்துவிட்டு வந்து காலில் ஏறிய அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மெமரியும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

மாசியில் முதல் பயணம். அழகன் கொழும்புக்குப் போய்த் திரையையும் கீபோட்டையும் வாங்கிவந்தான். ஒரு வில்லங்கமும் இல்லை. திரை அதன் அட்டைப்பெட்டியில் படம் போட்டு வந்ததால் வழியில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜீவராணி அதைக் கடை மேசையில் வைத்து, அம்மாவின் பழைய சேலைத் துண்டால் மூடினாள். வருகிறவர்களெல்லாம் மூடியதை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது பயணம் ஆனி மாதம். அந்த மாதத்து மழை தெரியும்தானே, மேலேயிருந்து கொட்டுவது போதாதென்று பக்கவாட்டிலும் அடிக்கும். இந்தத் தடவை இரும்புக்கூடு, மதர்போட், ஹார்ட்டிஸ்க், வயர், எல்லாம் வரவேண்டும். கூட்டின் அட்டைப்பெட்டி இந்த மழைக்குத் தாங்காது, தலவாக்கலை ஸ்டேசனில் இறங்கி பஸ் ஏறுவதற்குள் கூழாகிவிடும். ஜீவராணி யோசித்தாள். யோசிக்க அவளுக்கு நேரமே எடுக்கவில்லை. பின்னாலிருந்து யூரியாச் சாக்கு ஒன்றை எடுத்து வந்தாள்.

தோட்டத்தில் யூரியாச் சாக்கு செய்யாத வேலையில்லை. உரம் போட்டு முடிந்த சாக்கைக் கழுவி மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போடுவார்கள். கதவுக்குத் திரை, குழந்தை படுக்க விரிப்பு, கல்யாண வீட்டுக்கு அரிசி, வெளியூர் போனால் பயணப் பை. உள்ளே பிளாஸ்டிக் பூசியது, சொட்டுத் தண்ணி இறங்காது. காளியாயி அதன் வாயில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அழகன் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். வெளியே பெரிய பச்சை எழுத்து அழியாமல் இருந்தது.

"அக்கா, இதையா கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்ற?"

"ஏன், தொரை வீட்டுப் பிள்ளைக்குச் சூட்கேஸ் வேணுமோ? பொண்ணு பாக்கவா போற, சாமான் வாங்கத்தானே போற."

அவன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கே இராசரத்தினம் மாஸ்டர் சொன்னபடி மெமரியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், பச்சைத் தகடு, கறுப்புக் கட்டங்கள். ஜீவராணி அதைப் பவுடர் டின்னில் பஞ்சு வைத்துப் போட்டாள். பின்னேரம் கொழும்பிலிருந்து பக்கத்துக் கடைப் போனுக்கு அழகன் பேசினான். சாமான் கடைக்குள் நின்று பேசினான், சுற்றிலும் சத்தம்.

"எல்லாம் வாங்கியாச்சுக்கா. மெமரியும் இங்கயே ஒண்ணு வாங்கிட்டா நல்லது."

"மாஸ்டரு குடுத்துட்டாருடா. கையில இருக்கு. எதுக்கு ரெண்டு?"

"எந்த மாதிரி மெமரி? மேல என்னா எழுதியிருக்கு?"

"மெமரின்னா மெமரிதானடா. நூத்தி இருபத்தெட்டாம். பச்சையா நீட்டா இருக்கு."

"எல்லாமே பச்சையாதான் இருக்கும். சரி விடு. காலையில ரயில்ல வர்றேன்."

அடுத்த நாள் பகல் ரயிலுக்கு அவன் தலவாக்கலையில் இறங்கவில்லை. அடுத்த ரயிலிலும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. பேசியவன் செல்லசாமி, மேல் டிவிசன் பையன்தான், கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிறான். அழகன் அன்றைக்கு அவனோடுதான் கடையில் தங்கியிருந்தான். காலையில் ரயிலுக்கு நடந்து போகையில் சோதனைச் சாவடியில் நிறுத்தியிருக்கிறார்கள். யூரியாச் சாக்கு. அவிழ்த்தால் உள்ளே இரும்புப் பெட்டி, வயர், நாணயம் மாதிரி ஒரு பட்டரி பதித்த தகடு. தமிழ்ப் பெயர். ஊரெல்லாம் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருசம் அது. குண்டு செய்வார்கள் என்று யூரியா உரத்தையே வடக்குக்குக் கொண்டுபோக விடாத காலம். சாமான் வாங்கப் போன இடத்தில் கழுத்துக்குக் கயிறு வந்த மாதிரி ஆயிற்று.

ஜீவராணியும் காளியாயியும் கொழும்புக்கு ஓடினார்கள். கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம், தொழிற்சங்கத் தலைவர் கடிதம், எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஜீவராணி போனாள். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பவள், கடிதம் இருந்தால் கதவு திறக்கும் என்று நம்புகிறவள். பொலிஸில் அவற்றை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். ஐந்து நிமிடம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேச விட்டார்கள்.

அழகனின் இடது காது வீங்கியிருந்தது. காளியாயி அதைக் கண்டதும் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் அம்மாவைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினான், அவசர அவசரமாக.

"மொத நாள் விட்டுருவாங்க போலத்தான் இருந்துச்சுக்கா. பொலிஸ் பெரியவரு ஒருத்தரு, அவரு மகனும் கம்பியூட்டர் படிக்கிறானாம். இது கம்பியூட்டர்னா பூட்டி ஓட வச்சுக் காட்டு, போகலாம்னு சொன்னாரு. மேசை குடுத்தாங்க, திருப்புளி குடுத்தாங்க. அவங்க கந்தோர்த் திரையையே கொண்டாந்து வச்சாங்க. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. நான் பூட்டிட்டேன்."

"அப்புறம்?"

"காத்தாடி சுத்துச்சு. பீப் பீப்புன்னு கத்துச்சு. திரை கறுப்பாவே இருந்துச்சு. மெமரி இல்லையேக்கா. மெமரி இல்லாம எப்பிடி ஓடும்?"

ஜீவராணி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு துண்டு கொறையுது, அது வீட்டுல இருக்குன்னு சொன்னேன். அதுக்கு ஒருத்தன் சிரிச்சான். குண்டுலயும் அப்படித்தான், ஒரு துண்டு வேற ஒருத்தன் கையில இருக்கும்னான். அவங்க கந்தோர்க் கம்பியூட்டர்ல இருந்து ஒரு மெமரி கழட்டித் தாங்க, போட்டுக் காட்டறேன்னு கெஞ்சினேன். அது கம்பெனிப் பெட்டி. ஸ்டிக்கரைக் கிழிச்சா உத்தரவாதம் போயிருமாம். முடியாதுன்னுட்டாங்க."

அழகன் இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லவில்லை, குறை சொல்லுகிற மாதிரியும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது. அந்தத் துண்டை யார் தந்தது என்று கேட்டுத்தான் காதில் அடித்தார்கள் என்றும், யாழ்ப்பாணத்து ஆள் என்று தெரிந்தால் அவருக்கும் கூடாது தனக்கும் கூடாது என்று பேரைச் சொல்லவில்லை என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னான். நேரம் முடிந்துவிட்டது.

ஜீவராணி அம்மாவைச் செல்லசாமியிடம் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பினாள். ஹட்டனுக்கு வருமுன்னமே வட்டவளைப் பக்கம் மண் சரிந்து பஸ்கள் வரிசையாக நின்றன. நாலு மணித்தியாலம் மழைக்குள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து பவுடர் டின்னை எடுத்துக்கொண்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல் அடுத்த ரயிலைப் பிடித்தாள். பொலிஸ் வாசலில் போய் நின்றபோது, விடிய ஆறு மணிக்கு அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக்காவல் ஓடர் போட்டாகிவிட்டது.

"மாத்தையா, இந்தா இருக்கு அந்தத் துண்டு" என்று சிங்களத்தில் சொல்லி டின்னைத் திறந்து நீட்டினாள். "இதைப் போட்டா ஓடும். பூட்டிப் பாருங்க."

மேசையில் இருந்தவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. பைல் இங்கே இல்லை, போன இடத்தில் கேள் என்றான். போன இடத்தில், இது எங்கள் வேலையில்லை, கோர்ட்டில் சொல் என்றார்கள். கோர்ட்டில் வக்கீல், இது இப்போது ஒரு சாட்சியும் இல்லை அம்மா, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வக்கீல் ஒன்று கேட்டார். இதைக் கொடுத்த ஆள் ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது, அரசாங்கப் பள்ளி ஆசிரியர் என்றால் இன்னும் நல்லது. ஜீவராணி மாஸ்டரின் மாடி அறைக்குப் போனாள். அவர் கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் என்னெண்டு எழுதுறது பிள்ளை? என்ரை பேரைக் கண்டவுடனை இது வேறை கதையாப் போகும். அவனுக்குத்தான் கூடாது."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பேசும்போதே அவர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வந்ததையும் அவள் பார்த்தாள். அவன் உங்க பேரைச் சொல்லாமத்தானுங்க அடி வாங்கினான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனிதர் அங்கேயே விழுந்திருப்பார், கடிதம் என்னவோ வந்திருக்காது. அதற்குப் பிறகு மாஸ்டர் இடமாற்றக் கடிதம் அடிக்க வரவில்லை. பஸாரில் அவளைக் கண்டால் எதிர்ப் பக்கமாக நடந்தார்.

பதினாறு மாதம். அதை வரி வரியாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது. மாதம் ஒரு தடவை ஜீவராணி கொழும்புக்குப் போய் வந்தாள். சில மாதம் பார்க்க விட்டார்கள், சில மாதம் கொண்டுபோன ரொட்டியைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பழைய டைப்ரைட்டரில் தம்பிக்காக எழுபதுக்கு மேல் மனு அடித்தாள். அவள் அடிப்பது தெரிந்து மற்றத் தோட்டங்களிலிருந்தும் தாய்மார் வரத் தொடங்கினார்கள், டயகமவிலிருந்தும் லிந்துலையிலிருந்தும். எங்க பையனையும் புடிச்சுட்டாங்கம்மா, ஒரு பேப்பர் போட்டுக் குடுங்க. கடைக்கு அப்படி ஆள் வந்த காலம் முன்னே இருந்ததில்லை. மேசையில் சேலைத் துண்டு மூடிய திரை பக்கத்திலேயே இருக்கும். இப்போது யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. காளியாயி வீட்டிலிருந்த யூரியாச் சாக்குகளையெல்லாம் ஒருநாள் அள்ளி அடுப்பில் வைத்தாள். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் லயம் முழுக்க அடித்தது. அதன்பிறகு கொங்காணி இல்லாமல் நனைந்துகொண்டே கொழுந்து எடுத்தாள்.

ஜீவராணி எதையும் எரிக்கவில்லை. கைப்பையில் பவுடர் டின் இருந்தது. பஸ்ஸில் போகும்போது அதைத் தொட்டுப் பார்ப்பாள். வட்டவளையில் மண் சரியாமல் இருந்திருந்தால் பின்னேரமே வீட்டுக்கு வந்து ராத்திரி ரயிலைப் பிடித்திருக்கலாம். விடிய ஆறு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்தப் பெரியவர் அங்கேயே இருந்திருப்பார், மேசை இருந்திருக்கும், அழகன் இதைச் சொருகியிருப்பான், திரையில் வெளிச்சம் வந்திருக்கும், எல்லாரும் சிரித்துவிட்டு அவனைப் போகச் சொல்லியிருப்பார்கள். இந்தப் படத்தை அவள் எத்தனை தடவை ஓட்டினாளோ கணக்கில்லை. வேதனைதான், ஆனால் அதில் ஒரு ஆறுதலும் இருந்தது. நாலு மணித்தியாலம் மண்ணில் போன குற்றம் அது. மண்ணைத் திட்டலாம்.

2008 ஐப்பசியில், வழக்குப் போட எதுவுமில்லை என்று நீதவான் அவனை விட்டுவிட்டார். அவ்வளவுதான். ஒரு வரி. சாமான்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் நூலில் ஒரு அட்டை கட்டி நம்பர் போட்டிருந்தது. எல்லாவற்றையும் அதே யூரியாச் சாக்கில் போட்டு அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள்.

அழகன் வந்து குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். இடது காது கேட்காது. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. கேட்டால் பதில் சொல்லுவான், முன்னே மாதிரியே. தலவாக்கலைக் கடைக்காரர் பதினாறு மாதத்துக்கு முன்னமே வேறு ஆள் வைத்துவிட்டார். சாக்கு அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. காளியாயி அதைத் தூக்கி எறியச் சொன்னாள். ஜீவராணிக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் அப்படிப் போனது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், ஜீவராணி சாக்கை இழுத்து வந்து அரக்கை உடைத்தாள். இரும்புக்கூட்டையும், கடையிலிருந்து கொண்டுவந்திருந்த திரையையும் எடுத்துத் தம்பி முன்னால் வைத்தாள். அவன் பொலிஸில் பூட்டியது, நம்பர் அட்டைகளோடு, பூட்டினபடியே இருந்தது. பவுடர் டின்னைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போடுடா."

"எதுக்குக்கா?"

"போடு. ஒரு தடவை ஓடட்டும். பாத்துட்டு வித்துருவோம்."

ஏன் கேட்கிறாள் என்று அவளுக்கே தெளிவில்லை. அந்தத் திரை வெளிச்சத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். மூடியைக் கழற்றிக் கூட்டைச் சரித்து, உள்ளே தகட்டில் இருந்த நீளமான பள்ளத்தருகே அதைக் கொண்டுபோனான். சொருகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா?"

"இது சேராதுக்கா."

"கை வலிக்குதா? குடு, நான் அமுக்கறேன்."

"அமுக்கினாலும் போகாது. பாரு, இதுல வெட்டு ரெண்டு இருக்கு. அங்க மேடு ஒண்ணுதான் இருக்கு. இது அந்தக் காலத்து மெமரி. போட் புதுசு. இதுக்கு வேற."

ஜீவராணி குனிந்து பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இதன் வெட்டு ஓரிடத்தில், அதன் மேடு ஓரிடத்தில். பதினாறு மாதம் அதைப் பஞ்சில் வைத்துச் சுமந்திருக்கிறாள்.

"அப்ப நான் அன்னைக்கு நேரத்துக்கு வந்திருந்தாலும்?"

"அன்னைக்கும் இதே வெட்டுதான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வட்டவளை மண்ணும் பஸ்ஸும் நாலு மணித்தியாலமும் ஒன்றுமில்லாமல் போயின. திட்டுவதற்கு இனி எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அந்த மூன்று நாள் வழக்கும் அந்தப் போன் பேச்சும்தான். மெமரின்னா மெமரிதானடா என்ற தன் குரல் அவளுக்குக் கேட்டது, அந்தத் திமிரோடேயே கேட்டது.

"நீதான் பெட்டியா வாங்குவோம்னு சொன்ன" என்றாள். "நாந்தான் கேக்கல."

அவன் பதில் சொல்லவில்லை. கேள்வி இல்லையே அது.

"ஏண்டா அப்பிடிச் சொன்ன? நெசமாவே கம்பெனிப் பெட்டிதான் நல்லதுன்னா?"

"இல்லக்கா. பூட்டறதுதான் நல்லது. கூட்டிக்கலாம், கொறச்சுக்கலாம்."

"பின்ன என்னாத்துக்கு?"

அழகன் துண்டைப் பஞ்சில் வைத்து டின்னை மூடினான். மடங்காத விரலால் மூடி சரியாக இறுகவில்லை. இரண்டு தடவை திருப்பினான்.

"கொழும்புக்குப் போகப் பயமா இருந்துச்சு. பெட்டின்னா அவுங்க வேன்ல கொண்டாந்து குடுத்துருவாங்க. நான் போக வேண்டியதில்ல."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் போகச் சொல்லுவேனா?"

"நீ கம்பியூட்டரப் பத்தித்தானேக்கா கேட்ட" என்றான் அழகன்.

வெளியே அம்மா கோயிலிலிருந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஜீவராணி கூட்டின் மூடியை எடுத்து வைத்து நாலு திருகாணியையும் தானே முடுக்கினாள். அவனிடம் திருப்புளியைக் கொடுக்கவில்லை.